மணல் கழுவப் போன கதை: சியெம் ரீப் 6 நாள் தொண்டூழியப் பயணம்

தலைக்கு 1,480 சிங்கப்பூர் வெள்ளி. 6 பகல், 5 இரவு. விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, அங்கோர் கோயில்களுக்கு நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு, ‘கிராமத்துக்குச் சுத்தமான தண்ணீர்’ என்ற பணி மூன்று நாள், ‘குழந்தைகளோடு ஒரு மாலைப் பொழுது’. துண்டுப் பிரசுரத்தில் இப்படித்தான் போட்டிருந்தது. 2024 டிசம்பர் பள்ளி விடுமுறையில் கம்போடியாவின் சியெம் ரீப்புக்கு நானும் மனைவியும் போய் வந்தோம். திரும்பி வந்த வாரமே எழுதியிருக்கலாம். நாங்கள் அங்கே வைத்துவிட்டு வந்த தண்ணீர் வடிகட்டி ஒரு மாதம் கழித்துத்தான் வேலை செய்யவே தொடங்கும் என்பதால் நான்கு மாதம் காத்திருந்துவிட்டு எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பேரை எழுதவில்லை. எழுதுவதாகத்தான் இருந்தேன். “அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான வேலை பாக்குது, வேணாங்க” என்று சொல்லிவிட்டாள் மனைவி. எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு 24 வயது. வழியெல்லாம் “அங்கிள், தண்ணி குடிச்சீங்களா? தொப்பி எங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள். சொல்லப்போகும் குறை எதுவும் அவள்மீது இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 31 வருஷம் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் டெக்னீஷியன். வடிகட்டித் தொட்டியைக் கழுவுவது, மணலை மாற்றுவது, குளோரின் அளவு பார்ப்பது, இதுதான் பிழைப்பு. பிறந்தது 1963. அந்த வருஷம் ஏப்ரலில் தொடங்கி மறுவருஷம் பிப்ரவரி வரை சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு. கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாயில் வாளியோடு நின்ற கதையை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி வளர்ந்தவனுக்கு ‘சுத்தமான தண்ணீர்’ என்ற வரி கண்ணில் பட்டால் போதாதா? பணத்தைக் கட்டிவிட்டேன். அடுத்த வரியை ஒழுங்காகப் படிக்கவில்லை. அது என் தப்பு, பிறகு அதற்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் இந்த மாதிரிப் பயணம் ஒன்றும் புதிதில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது தங்கை மகளும் கம்போடியா போய்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வந்தாள். இப்போது என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களையும் பிடிக்கிறார்கள். எங்கள் குழுவில் 14 பேர், அதில் 9 பேர் நம்மவர்கள், பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

விமானம் இரண்டு மணி நேரச் சொச்சம். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் வேனில் இன்னும் ஒரு மணி நேரம். ஹோட்டல் சுத்தம், படுக்கை நல்ல படுக்கை. காலையில் ரொட்டி, முட்டை, அதற்குத் தொட்டுக்கொள்ள மனைவி கட்டிக்கொண்டு வந்த இட்லிப் பொடி. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கிராமம் நெல்வயல்களுக்கு நடுவே. மரக்கால்கள்மேல் நிற்கும் வீடுகள், அடியில் மாடு, கோழி, ஊஞ்சல் படுக்கை. குடிக்கவும் சமைக்கவும் குளத்துத் தண்ணீர், இல்லாவிட்டால் ஆழமில்லாத கிணறு. குளத்துத் தண்ணீரை ஒரு கிளாசில் பிடித்துப் பார்த்தேன். பால் தேநீர் போல, தே தாரே நிறம். எட்டு வீட்டுக்கு எட்டு வடிகட்டி வைப்பது எங்கள் வேலை.

வடிகட்டி என்றதும் கடையில் விற்கிற பிளாஸ்டிக் சாமானை நினைக்க வேண்டாம். இது இடுப்பு உயரக் கான்கிரீட் பெட்டி. அடியில் ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் அரை மீட்டருக்குக் கூடுதலாகச் சலித்துக் கழுவிய மணல். மேலே ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் மணலில் இறங்கி, அடியிலிருந்து குழாய் வழியே ஏறி வெளியே வழியும். கரண்ட் வேண்டாம், மாற்ற வேண்டிய உதிரிப் பாகமும் இல்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மான்ஸ் 1990களில் வீட்டுக்கு ஏற்ற அளவில் சுருக்கி வடிவமைத்தது. மூலம் இன்னும் பழையது. லண்டன் செல்சீயில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இல் ஊருக்கே தண்ணீர் கொடுக்கக் கட்டிய மெது மணல் வடிகட்டியும் இதே வேலையைத்தான் செய்தது. நான் மேய்த்த தொட்டிகள் வேகமானவை, பின்னால் குளோரின் காப்பாற்றும். இங்கே குளோரின் கிடையாது. மணலை நம்பித்தான் குடிக்க வேண்டும்.

மணல்தான் அழுக்கைப் பிடிக்கிறது என்று குழுவில் எல்லோரும் நினைத்தார்கள். அது பாதிதான் சரி. மணலின் மேல்பரப்பில் நுண்ணுயிர்கள் குடியேறி வழுவழுப்பாக ஒரு தோல் படியும். வயிற்றுப்போக்குக் கிருமிகளைத் தின்று தீர்ப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். அது முழுசாகப் படிய 30 நாள் வரை ஆகும். அதுவரை வடிகட்டிய தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். தினமும் ஊற்ற வேண்டும். ஊற்றாத நேரத்திலும் மணலுக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும், காய்ந்தால் தோல் செத்துப்போகும். “தயிருக்கு உறை குத்துற மாதிரி” என்று குழுவுக்கு விளக்கினேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நாம் உறை குத்திவிட்டு ஆறாம் நாள் விமானம் ஏறிவிடுவோம். தயிர் உறைந்ததா, திரிந்ததா என்று யார் பார்ப்பது?

எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெண்ணிடம் கேட்டேன். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தாள், அலுவலகத்துக்கு அழைத்தாள், “கேட்டுச் சொல்றேன் அங்கிள்” என்றாள். பதில் சொன்னவர் கொத்தனார். பக்கத்து ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், பெட்டிகளை அச்சில் வார்த்துக் காயவைத்துத் தயாராக வைத்திருந்ததும் அவர்தான். ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று மூன்று தடவை மோட்டார் சைக்கிளில் வந்து பார்ப்பாராம். முதல் இரண்டு தடவைக்குக் கூலி உண்டு. மூன்றாவது? அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்ப்பாராம். இவ்வளவு முக்கியமான சங்கதி துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரிகூட இல்லை. அதில் இருந்ததெல்லாம் சேறு பூசிய சிரித்த முகங்கள்.

ஆர்சனிக் என்ற நஞ்சைப் பற்றியும் கேட்டேன். கம்போடியாவில் மெக்கோங் கரையோர மாநிலங்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருக்கிறது, மணல் வடிகட்டி அதை எடுக்காது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த தாள் ஊர்த் தலைவர் வீட்டில் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வேலையைத் தெரிந்து செய்கிறவர்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இனி மணல். மூன்று நாளில் இரண்டரை நாள் நாங்கள் செய்தது இதைத்தான். கல்லுடைக்கும் இடத்திலிருந்து லோரியில் வந்த உடைகல் மணலை மூன்று அளவுச் சல்லடையில் சலிக்க வேண்டும். பிறகு பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கையால் கலக்கி, கலங்கல் நீரைக் கொட்டி, மறுபடி ஊற்ற வேண்டும். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகும். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் துறையல்லவா! மற்றவர்கள் ஒரு வாளி முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்தேன், அதுவும் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளியும்வரை.

கொத்தனார் ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தார். என் மணலை அதில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, மூன்று நான்கு நொடி நிறுத்திப் பார்த்தார். தண்ணீர் பளிச்சென்று இருந்தது. அவர் தலையை ஆட்டினார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். “ரொம்பக் கழுவிட்டீங்களாம், பொங்” என்று மொழிபெயர்த்துச் சொன்னார் உள்ளூர் வழிகாட்டி. பொங் என்பது கம்போடியாவின் கெமர் மொழியில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரே சொல். அதிகம் கழுவினால் பொடி மணல் அத்தனையும் போய்விடும். பொடி இல்லாவிட்டால் தண்ணீர் கடகடவென்று இறங்கும். நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் தோலுக்குத் தன் வேலையைச் செய்ய நேரம் கிடைக்காது. பாட்டிலைச் சுழற்றி நிறுத்தியதும் மணலின் மேல்பரப்பு மங்கலாகத் தெரிய வேண்டும், அதுதான் பக்குவம். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் கை நிற்கவில்லை. நான் கழுவிய இரண்டு வாளியையும் குறைவாகக் கழுவிய மணலோடு கலந்து எப்படியோ சரிக்கட்டினார்.

மனைவிக்கு முதல் வாளியிலேயே பக்குவம் வந்துவிட்டது. “அரிசி களையற மாதிரிதானே, இதுக்கு என்னத்துக்கு முப்பத்தோரு வருஷம்?” என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. ஆறு நாளும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை.

மத்தியானச் சாப்பாடு அந்த வீடுகளில்தான், பயணத்திலேயே நல்ல சாப்பாடும் அதுதான். சோறு, பூண்டு போட்டு வதக்கிய கங்கோங் கீரை, புளிப்பான மீன் குழம்பு, ஓரத்தில் பிராஹொக். பிராஹொக் என்பது உப்பு போட்டு நொதிக்க வைத்த மீன் விழுது. வாசனையில் நம் கருவாட்டுக்கும் பிளாச்சானுக்கும் ஒன்றுவிட்ட அண்ணன். குழுவில் இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். சாப்பிடும்போது வீட்டுப் பிள்ளைகள் என்னைத் ‘தா, தா’ என்று கூப்பிட, எதையோ கேட்கிறார்கள் என்று சட்டைப் பையைத் தடவினேன். வழிகாட்டி சிரித்தார். கெமர் மொழியில் தா என்றால் தாத்தா. பாதிச் சொல் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கொத்தனாரிடம் மனம் விட்டுப் பேச முடிந்தது. நீங்களும் உங்கள் வீட்டு ஆட்களுமாக இருந்தால் இந்த எட்டையும் முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். மழுப்பவில்லை. அவர் மனைவி, தங்கை, தம்பி மூவரும் நின்றால் இரண்டு நாளாம். நாங்கள் 14 பேர் மூன்று நாள். அப்படியானால் எங்களை எதற்கு விடுகிறீர்கள்? நீங்கள் வந்தால்தானே வடிகட்டிக்குப் பணம் வருகிறது என்றார். ஒரு வடிகட்டிக்கு 70 அமெரிக்க டாலர், சிமெண்டு, மணல், கூலி எல்லாம் சேர்த்து.

அன்று இரவு விமான டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 14 பேருக்கு 20,720 வெள்ளி. எட்டு வடிகட்டிக்கு 560 டாலர், நம் காசில் 755 வெள்ளி வரும். நூறு வெள்ளி கொடுத்தால் மணலுக்குப் போவது நான்கு வெள்ளிகூட இல்லை. விமானம், ஹோட்டல், வேன், சாப்பாடு எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது, அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அது நியாயம். லாபமும் வைக்கட்டும், தேக்கா சந்தையில் முருங்கைக்காய் விற்கிறவர்கூட லாபம் வைத்துத்தான் விற்கிறார். ஆனால் அவரிடம் விலையைக் கேட்டால் சொல்வார். நான் இந்த நிறுவனத்திடம் கேட்டதற்கு ‘நிர்வாகச் செலவுகள் உட்பட’ என்று பதில் வந்தது. அது பதிலா?

சரி, படிக்காமல் விட்ட அந்த வரிக்கு வருகிறேன். நான்காம் நாள் சாயங்காலம், ‘குழந்தைகளோடு ஒரு மாலைப் பொழுது’.

பட்டணத்து ஓரத்தில் ஒரு காப்பகம். வேன் நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் கையைப் பிடித்த சிறுவனுக்கு ஆறு வயது இருக்கலாம். பேர்கூடக் கேட்கவில்லை, நேரே தோட்டத்தில் ஒரு மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், திரும்பி நின்று, இரண்டு விரலைக் காட்டினான். போட்டோவுக்கு. எங்கே வெளிச்சம் நன்றாக விழும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் வரிசையாக நின்று இரண்டு ஆங்கிலப் பாட்டு. நாங்கள் பிஸ்கட், மைலோ பாக்கெட், கலர் பென்சில் கொடுத்தோம். நானும் சிரித்தேன், மடியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டேன், வாசலில் இருந்த பெட்டியில் 50 டாலர் போட்டேன். எல்லாம் செய்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

பின்பக்கம் துணி காய்ந்துகொண்டிருந்தது. கொடி முழுக்க டி-சட்டைகள், விதவிதமான பள்ளிகளின் பேரும் குழுக்களின் பேரும், வெவ்வேறு வருஷங்களும் போட்டவை. பிள்ளைகள் போட்டிருந்ததும் அதுதான். எத்தனை பேர் எங்களுக்கு முன்னால் வந்து, அதே மரத்தடியில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அந்தக் கொடியே சொல்லிவிட்டது. படுக்கை அறைவரை சுற்றிக் காட்டினார்கள். நாங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈசூனில் பேத்தியின் பாலர் பள்ளிக்குப் போனால் வாசலில் என் அடையாளத்தைச் சரிபார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள், அதுவும் சொந்தத் தாத்தாவை. இங்கே பதினான்கு அந்நியர்கள் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் நின்று மெத்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பொட்டலம். என்னோடு படம் எடுத்த சிறுவன் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். வேனில் ஏறிய பிறகு வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவங்க அம்மா.” அதற்குமேல் நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஹோட்டலுக்கு வந்து தேடிப் படித்தேன். புறப்படும் முன்பே படித்திருக்க வேண்டியது. 2005இல் கம்போடியாவில் இப்படிப்பட்ட காப்பகங்கள் 154, 2010இல் 269. போர் முடிந்து நாடு நிமிர்ந்துகொண்டிருந்த காலத்தில் அநாதைகள் குறைய வேண்டும், காப்பகங்கள் கூடியிருக்கின்றன. அரசாங்கமும் யுனிசெஃப்பும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று ஏழைப் பெற்றோர் கொண்டுவந்து விடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் பணம் போடப் போட, பிள்ளைகளைச் சேர்க்கும் இடங்களும் பெருகுகின்றன. 1994 முதல் புனோம் பென்னில் தெருப் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, ‘குழந்தைகள் சுற்றுலாத் தலங்கள் அல்ல’ என்று 2011இலேயே பிரசாரம் தொடங்கிவிட்டது. நாங்கள் போனது 2024இல். பதின்மூன்று வருஷம் கழித்தும் சிங்கப்பூரில் ஒருவர் அதை நிகழ்ச்சி நிரலில் போட்டு விற்கிறார், படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நான் வாங்குகிறேன்.

மனைவி அந்தப் போட்டோவை யாருக்கும் அனுப்ப விடவில்லை. பையனின் முகம் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்ற வேண்டாம் என்றாள். அழித்துவிட்டேன்.

ஊருக்கு வந்து நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து நான்கு வரி பதில். கருத்துக்கு நன்றியாம், அடுத்த பயணம் முதல் அந்த மாலை ‘விரும்புவோருக்கு மட்டும்’ என்று மாற்றப்படுமாம். விரும்புவோர் என்றால் பயணிகளில் விரும்புவோர். பிள்ளைகளைக் கேட்பார்களா என்று திருப்பி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

ஐந்தாம் நாள் அங்கோர். நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், அதில் 2 டாலர் காந்தா போஃபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை. யார் மடியிலும் எந்தப் பிள்ளையையும் உட்காரவைக்காமல், சீட்டு வாங்கும்போதே உதவி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம் ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். அசுரர் 92, தேவர் 88 என்றார் வழிகாட்டி. “பாத்தீங்களா, அந்தக் கட்சியிலதான் எப்பவும் ஆள் அதிகம்” என்றாள் மனைவி. முந்தைய நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வேடிக்கை அது. எனக்குக் கோயிலை விட மேற்கு பாராய்தான் பிடித்தது. பதினோராம் நூற்றாண்டில் வெறும் மண்கரை எழுப்பிக் கட்டிய ஏரி, நீளம் எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் இரண்டு. இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. பிரசுரத்தில் அது இல்லை. வழிகாட்டியைக் கெஞ்சிக் கேட்டு வேனைத் திருப்பச் சொன்னேன். மற்றவர்கள் அரை மணி நேரம் வேனிலேயே உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் கடைத்தெரு என்று போட்டிருந்ததை விட்டுவிட்டு நாங்கள் ஆறு பேர் சொந்தக் காசில் ஃபார் சர்க்கஸ் பார்க்கப் போனோம். மிருகங்கள் கிடையாது. பத்தம்பாங் நகரில் ஃபார் போன்லெ செல்பாக் என்ற கலைப்பள்ளி இருக்கிறது. தாய்லாந்து எல்லை அகதி முகாமில் வளர்ந்து நாடு திரும்பிய ஒன்பது இளைஞர்கள், முகாமில் ஓவியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையோடு சேர்ந்து 1994இல் தொடங்கியது. அங்கே இலவசமாகப் படித்து வந்தவர்கள்தான் 2013 முதல் சியெம் ரீப்பில் கூடாரம் போட்டு ஆடுகிறார்கள், சம்பளத்துக்கு. வருமானத்தில் ஒரு பங்கு பள்ளிக்குப் போகிறது. மூங்கில் கம்பத்தின் நுனியில் ஒருவர்மேல் ஒருவர் நின்றபோது என் முன்வரிசை அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. கைதட்டிக் கை வலித்தது. காசு கொடுத்தோம், வேலை தெரிந்தவர்களின் வேலையைப் பார்த்தோம், பாவப்பட வேண்டிய அவசியமே வரவில்லை.

கடைசி நாள் காலை அப்போப்போ மையம். கண்ணிவெடி மோப்பம் பிடிக்கும் ஆப்பிரிக்கப் பெரிய எலிகள். காப்பிக்கடையில் சுண்டெலி ஓடினாலே நாற்காலிமேல் ஏறுகிறவள் என் மனைவி. தெரிந்தேதான் கூட்டிக்கொண்டு போனேன், மணலுக்குப் பழி வாங்க வேண்டாமா! எலிகள் இரும்பைத் தேடுவதில்லை, வெடிமருந்தின் வாசனையைத்தான் தேடுகின்றன. அதனால் துருப்பிடித்த ஆணிக்கும் தகரத்துக்கும் நின்று நேரத்தை வீணாக்குவதில்லை. வெடியை வெடிக்க வைக்கும் அளவு எடையும் இல்லை. மகாவா என்ற எலி 71 கண்ணிவெடிகளையும் 38 வெடிக்காத குண்டுகளையும் கண்டுபிடித்தது, 2020இல் பிரிட்டனின் பிடிஎஸ்ஏ என்ற விலங்கு மருத்துவ அறநிறுவனம் அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. நாங்கள் பார்த்த எலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டது போல நடந்து, ஓரிடத்தில் நின்று மண்ணைச் சுரண்டியது. ‘கிளிக்’ என்று ஒரு சத்தம், ஒரு துண்டு வாழைப்பழம். மனைவி ஐந்தடி தள்ளி நின்றாள், ஆனால் வெளியே வரும்போது எலிப் படம் போட்ட பை வாங்கிக்கொண்டாள். இப்போது தேக்காவுக்குக் காய் வாங்க அந்தப் பையோடுதான் போகிறாள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மணலுக்கும் கொத்தனாருக்கும் பத்துக்குப் பத்து. சாப்பாட்டுக்கு ஒன்பது. கணக்குக் காட்டுவதில் இரண்டு. அந்த மாலைக்கு முட்டை. அதே நிறுவனத்தில் மறுபடி போவீர்களா என்றால் மாட்டேன். போகிறவர்கள் பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். நான் கட்டும் காசில் ஊருக்கு எவ்வளவு போகிறது? நாங்கள் திரும்பி வந்த பிறகு முப்பதாவது நாள் யார் போய்ப் பார்ப்பார்? இரண்டாவதற்கு ஒரு மனிதரின் பேரைச் சொன்னால் நம்பலாம். நிகழ்ச்சி நிரலில் குழந்தைகள் என்ற சொல் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். பிடிமானமுள்ள செருப்பு கொண்டுபோங்கள், மணல் கழுவும் இடம் வழுக்கும்.

முப்பதாவது நாள் கொத்தனார் போனார். ஜனவரியில் வழிகாட்டி மூலமாகப் படங்கள் வந்தன. ஒவ்வொரு வடிகட்டியின் குழாயடியிலும் கோடு போட்ட ஒரு லிட்டர் பாட்டில், பக்கத்தில் கைத்தொலைபேசியில் ஓடும் நேரம். மூன்று நிமிடத்துக்கு ஒரு லிட்டர், மூன்றேகால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். எண்ணம் போல வேகம். ஏப்ரலில் மறுபடி ஒரு செய்தி. ஏழு வீட்டில் ஓடுகிறது. எட்டாவது வீட்டுக்காரர்கள் கட்டட வேலைக்குத் தாய்லாந்து போய்விட்டார்கள், பாட்டியை மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். படத்தில் வடிகட்டி காய்ந்து கிடக்கிறது, மூடியின்மேல் யாரோ மீன் உலர்த்தியிருக்கிறார்கள்.

அதைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாம் என்று ஊர்த் தலைவர் சொல்கிறாராம். மணலோடு தூக்க முடியாது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி கழுவி நிரப்ப வேண்டும், முப்பது நாளை மறுபடி எண்ண வேண்டும். செலவு 15 டாலர். பணத்தை அனுப்பிவிட்டு, கூடவே நானும் வந்து உதவட்டுமா என்று கேட்டிருந்தேன். நேற்று கொத்தனாரிடமிருந்து பதில் வந்தது.

“வேண்டாம் பொங். மணலை என் மனைவி கழுவிடுவாள்.”